வளாகச் சுவரில் நம்ம ஊர்ப் புதர்க்காடு: பெயின்ட், பட்டியல், ஆள் பிரிப்பு எப்படி?

முள்ளுக்காடு கேட்டது:

வணக்கம். தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் உள்ள பல்கலைக்கழக வளாகம். நூலகப் பாதையில் 60 அடி நீளம், 8 அடி உயரத்துக்கு ஒரு சுவர், மேற்குப் பார்த்தது. பழைய டிஸ்டெம்பர் உதிர்கிறது, அடியில் உப்பு பூத்திருக்கிறது. மாணவர்கள், தோட்ட வேலை செய்பவர்கள், விடுதிச் சமையல்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வளாகத்துக் காட்டை அதில் வரையப் போகிறோம். வரையத் தெரிந்தவர் நான்கு பேர், தெரியாதவர் அறுபது பேர். என்ன பெயின்ட், எவ்வளவு? எதை வரைவது? வேலையை எப்படிப் பிரிப்பது? புலியும் மயிலும் கட்டாயம் வேண்டும் என்று ஒரு தரப்பு சொல்கிறது.

மட்டப்பலகை:

மொத்தம் 480 சதுர அடி. பாதி வேலை சுவரைத் தயார் செய்வதுதான். டிஸ்டெம்பரை ஒரு இடம் விடாமல் சுரண்டி எடுங்கள். மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும், அடியில் மாவு மாதிரி இருக்கும் டிஸ்டெம்பரோடு சேர்ந்தே உரிந்து வரும். உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி, கூட்டி அள்ளிவிட்டுத்தான் தண்ணீர் காட்ட வேண்டும். முதலிலேயே கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம். பின்னால் மண் குவிந்திருக்கிறதா, தோட்டக் குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு அடி உயரத்துக்குப் படமே வேண்டாம். அங்கே காவி கலந்த சுண்ணாம்பு அடித்து விடுங்கள், ஈரம் அது வழியாக வெளியேறிவிடும். எண்ணெய் கலந்த எனாமல் எங்கும் வேண்டாம், ஈரச் சுவரில் கொப்புளம் போடும்.

எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு பூச்சுக்கு 5 லிட்டர். அடிநிறத்துக்கு எக்ஸ்டீரியர் எமல்ஷன் (தண்ணீர் கலக்கும் பெயின்ட்) இரண்டு பூச்சுக்கு 10 லிட்டர். படத்துக்கு வெள்ளை 4 லிட்டர், மஞ்சள் காவி, செங்காவி, கருப்பு, பச்சை, நீலம் தலா 1 லிட்டர். கடையிலேயே நிறம் கலந்து வாங்குங்கள். வெள்ளையில் ஸ்டெய்னர் (நிறம் கூட்டும் சாறு) பாட்டிலைக் கவிழ்த்து அடர்நிறம் எடுக்கப் பார்த்தால் அது சரியாகக் காயாது, முதல் மழைக்கே வழியும். ஈய அளவு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) கீழே என்று டப்பாவில் போட்டிருப்பதையே வாங்குங்கள்.

மேற்குச் சுவரில் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், ஊதா எல்லாம் சீக்கிரம் வெளுக்கும். காவி வகைகள் வெளுக்காது. மஞ்சள் காவியில் கொஞ்சம் கருப்பு சேர்த்தால் வரும் மங்கிய பச்சைதான் நம் புதர்க்காட்டு இலையின் உண்மையான பச்சை. அதனால் இந்தக் காட்டை வரைய விலை கூடிய நிறம் அதிகம் தேவைப்படாது.

வடகிழக்குப் பருவமழை ஈரம் காய்ந்த பிறகு, ஜனவரி பின்பாதியிலிருந்து மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள். மதியம் வரை அந்தச் சுவரில் நிழல் இருக்கும். வெயில் ஏறியதும் நிறுத்திவிடுங்கள், பெயின்ட் பிரஷிலேயே இழுக்க ஆரம்பிக்கும்.

காசாப்பூ:

புலி வேண்டாம். வண்டலூர்ப் பூங்கா பக்கத்தில் இருப்பதால் அது உங்கள் காட்டு விலங்கு ஆகிவிடாது. மயில், வளாகத்தில் பார்த்த பதிவு இருந்தால் வரட்டும். வெளிமானும் அப்படித்தான்: கிண்டியிலும் அதை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்திலும் இருக்கிறது என்பதற்காக உங்கள் சுவரில் ஏறக் கூடாது.

பட்டியல் தயாரிக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு (பொங்கலை ஒட்டிய நான்கு நாள்கள்) நல்ல சாக்கு. அந்த நாள்களில் தோட்ட வேலை செய்பவர்களையும் கூட அழைத்துப் போங்கள். செடிகளுக்கு ஊரில் புழங்கும் பெயர் அவர்களிடம்தான் கிடைக்கும். சுவரிலும் அந்தப் பெயரையே எழுதுங்கள். 60 அடிக்குப் பதினைந்து இனங்கள் போதும், அதற்கு மேல் போனால் பாடப்புத்தகப் படமாகிவிடும்.

மரம், புதர்களில் வீரை, உலக்கைப்பாலை, காசா, களா, பனை. இந்தக் கடற்கரைச் சமவெளியின் உலர் பசுமைமாறாக் காட்டு (மழை குறைந்தாலும் ஆண்டு முழுதும் பச்சையாக நிற்கும் காடு) வகை அவை. குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது, தூங்குமூஞ்சி மத்திய, தென்னமெரிக்காவிலிருந்து. வளாகத்தில் எவ்வளவு அழகாகப் பூத்தாலும் இந்தச் சுவரில் அவற்றுக்கு இடம் தர வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

தனித்தனி உருவமாக வரையாமல் ஒன்றோடொன்று உள்ள உறவை வரையுங்கள். எருக்கு இலையில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. பனையின் தொங்கும் காய்ந்த ஓலையில் பனை உழவாரன் பறவையின் கூடு. தூக்கணாங்குருவிக் கூட்டின் வாசல் குழாய் கீழ்நோக்கித்தான் தொங்க வேண்டும், பக்கவாட்டில் ஓட்டை போட்டுவிடாதீர்கள். ஆறுமணிக்குருவி குளிர்கால விருந்தாளி, இங்கே கூடு கட்டாது, அதனால் முட்டையோடு வரையக் கூடாது. புள்ளிமானில் ஆணுக்கு மட்டும்தான் கொம்பு. இணையத்தில் கிடைக்கும் படத்தைப் பார்த்து வரைந்தால் வெளிநாட்டுக் கிளி வந்து உட்கார்ந்துவிடும், வளாகத்தில் எடுத்த புகைப்படம் மட்டுமே மாதிரி.

நூல்பிடி:

ஓவியத்தை 60 அங்குலம் × 8 அங்குலத் தாளில் போடுங்கள். தாளில் ஓர் அங்குலக் கட்டம், சுவரில் ஓர் அடிக் கட்டம். சுவரில் நூல் அடிக்க (பொடி தோய்த்த நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போட) காவிப்பொடி வேண்டாம், மேலே வெளிர் நிறம் அடித்த பிறகும் தெரியும். சாக்பீஸ் பொடி போதும். கட்டம் பார்த்து வெளிக்கோட்டை அந்த நான்கு பேரே போட வேண்டும். பிறகு ஒவ்வொரு துண்டுக்குள்ளும் நிற எண்ணைச் சாக்பீஸால் எழுதுங்கள். வரையத் தெரியாதவர் எண்ணைப் பார்த்து நிரப்பினால் போதும்.

ஒவ்வொரு நிறத்தையும் மொத்தச் சுவருக்கும் தேவையான அளவு ஒரே தடவையில் கலந்து, மூடியில் எண் எழுதி வையுங்கள். தீர்ந்துபோய் மறுநாள் கலந்தால் அதே நிறம் வராது, ஒரே மரத்தில் இரண்டு பச்சை தெரியும். ஆளுக்கு 3 அடி என்றால் ஒரே நேரத்தில் 20 பேர். அறுபது பேரை மூன்று முறையாகப் பிரித்துவிடுங்கள். ஒரே இலை நூறு தடவை வந்தால் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் அச்சு வெட்டி ஸ்பாஞ்சால் ஒற்றலாம். ஸ்பாஞ்சைத் துணியில் ஒருமுறை ஒற்றிவிட்டு எடுங்கள், ஈரம் கூடினால் அச்சுக்கு அடியில் ஓடிவிடும். கடைசி நாளை நால்வருக்கும் விட்டுவிடுங்கள்: கண், அலகு, இலை நரம்பு, ஓரக் கோடுகள்.

பிரஷ் கழுவிய தண்ணீரைக் காட்டிலோ மழைநீர்க் கால்வாயிலோ ஊற்றாதீர்கள். முதல் வாளியில் அலசி, இரண்டாவதில் கழுவி, இரண்டையும் டிரம்மில் சேர்த்துக் கொஞ்சம் படிகாரம் கலக்கி இரவு விடுங்கள். நிறம் அடியில் படியும். தெளிந்த நீரை அடுத்த நாள் முதல் அலசலுக்கு வைத்துக்கொண்டு, சகதியைக் காயவைத்துக் குப்பையோடு கொடுத்துவிடலாம்.

முள்ளுக்காடு:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒன்று: சமையல்கார அக்காக்கள் களிமண்ணில் இலை அச்சு ஓடு செய்து தருகிறோம் என்கிறார்கள். சுவரின் கீழே படம் இல்லாமல் விடும் அந்த ஒரு அடி உயரத்தில் பதிக்கலாமா?

மட்டப்பலகை:

அங்கே வேண்டாம். அந்த உப்பே ஓட்டைத் தள்ளிவிடும். மேல் ஓரத்தில் ஒரு வரிசையாக வையுங்கள், 6 அங்குல ஓடு என்றால் 120 பிடிக்கும். உடைசலுக்கும் சேர்த்து 150 செய்யச் சொல்லுங்கள். ஏரி வண்டல் ஐந்து பங்குக்குச் சலித்த செங்கல் தூள் ஒரு பங்கு. வெறும் களிமண் வெடிக்கும். அரை அங்குலக் கனத்தில் தட்டி, இலையின் நரம்புப் பக்கம் கீழே வைத்து உருட்டுக்கட்டையால் ஒருமுறை உருட்டுங்கள். காய்ந்தால் சுருங்கும் என்பதால் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும், முதலில் இரண்டு ஓடு சுட்டு உங்கள் மண்ணின் சுருக்கத்தை அளந்துகொள்ளுங்கள். பின்பக்கம் சீப்பால் கீறிவிட்டால்தான் பசை பிடிக்கும். பத்து நாள் நிழலிலேயே, தினமும் புரட்டிக் காயட்டும். வெயிலில் வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து வளைந்துவிடும். பிறகு பக்கத்து ஊர்க் குயவர் சூளையில் பானைகளோடு சேர்த்துச் சுடலாம். ஓடு பதிக்கும் அந்த அரை அடியில் பிரைமரும் அடிக்காமல் விட்டு, படம் தொடங்கும் முன்பே ஒட்டி முடித்துவிடுங்கள்.