வீட்டில் அரைத்த முழுக் கோதுமை மாவில் சீஸ் பிஸ்கட்: மேலே சிவக்கிறது, உள்ளே களியாக நிற்கிறது, உதவி தேவை

புக்கிட்ரோத்தான்_அம்மா
வெள்ளிக்கிழமை, மாலை 4.35

வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை எங்கள் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கிறது. வருகிற 60 பேருக்குத் தேநீரோடு கொடுக்க சீஸ் பிஸ்கட் செய்து தருவதாகச் சொல்லிவிட்டேன். மாவைத் தேய்க்காமல், கரண்டியால் அள்ளித் தட்டில் போட்டுச் சுடுகிற வகை அது. கடையில் வாங்கிய வெள்ளை மாவில் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன், குறையொன்றும் வந்ததில்லை. இந்த முறை வீட்டிலேயே முழுக் கோதுமையை அரைத்து, அந்த மாவில் இரண்டு தடவை செய்து பார்த்தேன். மேல்பாகம் பொன்னிறமாகிவிடுகிறது. பிட்டுப் பார்த்தால் உள்ளே களிபோல விரலில் ஒட்டுகிறது, அடியில் ஈரக்கோடு ஒன்று தெரிகிறது, விழுங்கிய பிறகு நாக்கில் கசப்பு நிற்கிறது. அளவெல்லாம் குறிப்பில் உள்ளபடிதான் போட்டேன். எங்கே தவறு?

செம்பனைக்காற்று
மாலை 4.52

எந்தக் குறிப்பு, எவ்வளவு மாவு, எவ்வளவு நீர்மம், ஓவனில் எத்தனை டிகிரி என்று எதுவுமே நீங்கள் எழுதவில்லையே, அக்கா. இன்னொன்றையும் தெளிவாக்குங்கள். நம் ஊரில் பிஸ்கட் என்றால் தேநீரில் தோய்த்துத் தின்னும் மொறுமொறுப்பான பொருள். நீங்கள் சொல்வது அமெரிக்கர்கள் சூப்போடும் பொரித்த கோழியோடும் சாப்பிடுகிற, உள்ளே பஞ்சுபோல இருக்கும் வகைதானே? அதுவென்றால் உள்ளே கொஞ்சம் ஈரம் இருப்பது இயல்பு. களியாக இருப்பதுதான் கோளாறு.

தைப்பிங்_மழை
மாலை 5.05

எனக்குத் தெரிந்து பத்தில் எட்டு தடவை காரணம் பேக்கிங் பவுடர்தான். நம் நாட்டு ஈரக்காற்றில், மூடியைச் சரியாக அடைக்காத டப்பா சில மாதங்களில் வீரியம் இழந்துவிடும். அரைக் கோப்பை வெந்நீரில் ஒரு தேக்கரண்டி போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் நல்லது. சோம்பலாக நாலு குமிழி மட்டும் வந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள். வேறு எதையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

புக்கிட்ரோத்தான்_அம்மா
மாலை 5.20

ஆம், அந்த மிருதுவான வகைதான். மாவு 2 கப், மோர் 1 கப், உருக்கிய வெண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சோடா மாவு அரைத் தேக்கரண்டி, சீஸ் 6 துண்டு. மேசைமேல் வைக்கும் சிறிய ஓவனில் 200 டிகிரியில் 15 நிமிடம். பேக்கிங் பவுடர் போன தீபாவளிக்கு வாங்கியது. அடுப்பில் சாம்பார் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

அரவைக்கல்
மாலை 6.10

வீட்டில் அரைக்கும் மாவைப் பற்றி நான் இங்கே பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன். அவற்றைத் தேடிப் படித்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. மலேசியாவில் கோதுமை விளைவதில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவது, அதில் ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு குணம் உடையது. கடினக் கோதுமையில் புரதம் 12 முதல் 14 விழுக்காடு வரை இருக்கும், அது ரொட்டிக்கு ஏற்றது. மென் கோதுமையில் 8 முதல் 10 விழுக்காடு, பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் உரியது அதுவே. என்ன கோதுமை என்றே தெரியாமல் வாங்கி அரைத்துவிட்டு, பிறகு குறிப்பைக் குறை சொல்வதில் பயனில்லை. "2 கப்" என்பதும் ஓர் அளவே அன்று. புதிதாக அரைத்த மாவு காற்றோடு உப்பி நிற்கும். தளர்வாக அள்ளினால் ஒரு கப் 100 கிராமுக்கும் குறையலாம், அமுக்கி அள்ளினால் 140 கிராமையும் தாண்டும். தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

செம்பனைக்காற்று
மாலை 6.31

ஐயா, அவர் குறிப்பைக் குறை சொல்லவில்லை, வழி கேட்டிருக்கிறார். தராசு பற்றி நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் நாளை மறுநாள் காலைக்குள் அவர் மென் கோதுமையைத் தேடி எங்கே போவார்?

கேரித்தீவு_மருமகள்
இரவு 7.48

அக்கா, நீங்கள் ஊற்றியது எந்த மோர்? என் ஐயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கக் குறிப்புகளில் மோர் என்று மொழிபெயர்க்கப்படுவது, பாலை உறையூற்றிப் புளிக்க வைத்த கெட்டியான பொருள், கரண்டியிலிருந்து மெதுவாக இறங்கும். நாம் வீட்டில் ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து குடிப்பது வேறு. அதை ஒரு கப் ஊற்றினால் பெரும்பகுதி தண்ணீரைத்தான் ஊற்றுகிறீர்கள், புளிப்பும் போதாது. சோடா மாவு வேலை செய்யப் புளிப்பு வேண்டும். புளிப்புப் போதாவிட்டால் பொங்காமல் மிஞ்சுகிற சோடா, பிசைந்த மாவிலேயே தங்கி, சோப்பு கலந்ததுபோன்ற கசப்பைத் தரும். அந்தக் காரத்தன்மை மேல்தோலையும் சீக்கிரம் சிவக்க வைத்துவிடும். மேலே பொன்னிறம், உள்ளே பச்சை, நாக்கில் கசப்பு என்று நீங்கள் சொன்ன மூன்றும் இதில் பொருந்துகின்றன.

நான் மணமான புதிதில், மாமியார் வீட்டில் முதல்முதலாகச் சுட்டுக் கொடுத்த பிஸ்கட்டும் இதே மோரால்தான் கெட்டது. இப்போது முக்கால் பங்கு கெட்டித் தயிரும் கால் பங்கு பாலும் கலந்து ஊற்றுகிறேன்.

லயத்து_வாத்தியார்
இரவு 8.15

அம்மா, மருமகள் சொன்ன காரணம் எனக்கும் நியாயமாகப் படுகிறது. இருந்தாலும் கோதுமையை அரைப்பதற்கு முன் என்ன செய்தீர்கள், எதில் அரைத்தீர்கள், அரைத்து எத்தனை நேரம் கழித்துப் பிசைந்தீர்கள் என்பதை எழுதுங்கள். வெளியில் கொடுத்து அரைத்ததா, மிக்சியா? இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு முடிவுக்கு வர மாட்டேன்.

புக்கிட்ரோத்தான்_அம்மா
இரவு 9.02

கடைந்த மோர்தான், தண்ணீர் விட்டது. கோதுமையை அரிசி மாவுக்குச் செய்வதுபோல நன்றாகக் கழுவி, வடிகட்டி, வெயிலில் காயவைத்தேன். அன்று மதியத்துக்கு மேல் மழை வந்துவிட்டதால் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். மிக்சியில் அரைத்தேன். மாவு கத்திக்கு அடியில் வளையம்போல ஒட்டிக்கொண்டது, அதைச் சுரண்டி எடுத்துச் சூட்டோடு அப்படியே கலந்துவிட்டேன். இதெல்லாம் முக்கியமென்று தோன்றவில்லை, அதனால்தான் முதலில் எழுதவில்லை.

லயத்து_வாத்தியார்
இரவு 9.40

முக்கியம்தான், அம்மா. பச்சரிசியை ஊறவைத்து ஈரத்தோடு இடிப்பது நம் வழக்கம். புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் அந்த ஈரம் தேவைப்படுகிறது, அரைத்த பிறகு மாவை வறுத்தோ அவித்தோ பக்குவப்படுத்தியும் விடுகிறோம். கோதுமைக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டுவரக் கூடாது. மணி உள்வரை உலராமல் அரைத்தால் தவிடு பொடியாகாமல் நசுங்கும், மாவு கத்தியில் பிசினாக ஒட்டும். நீங்கள் கண்ட அந்த வளையமே இதற்குச் சாட்சி. ஏற்கெனவே ஈரமான மாவில் தண்ணீர் மோரையும் ஊற்றினால் எத்தனை நிமிடம் சுட்டாலும் நடுப்பகுதி வேகாது.

கல்லும் தூசியும் இருக்குமென்ற அச்சத்தால் கழுவுகிறீர்கள் என்பது புரிகிறது. முறத்தில் புடைத்து, கல் பொறுக்கி, உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு முழு நாள் நல்ல வெயில் வேண்டும். ஒரு மணியைப் பல்லால் கடித்துப் பாருங்கள்: 'டக்'கென்று உடைந்தால் உலர்ந்திருக்கிறது, மெத்தென்று அமுங்கினால் இல்லை. அரைத்த மாவைத் தாம்பாளத்தில் பரப்பி, கை வைத்தால் சூடு தெரியாத வரை ஆறவிட வேண்டும்.

செம்பனைக்காற்று
இரவு 10.05

அப்படியே நைலான் சல்லடையில் ஒரு தடவை சலித்துவிடுங்கள், அக்கா. தவிடு போனால் பாதித் தொல்லை போய்விடும். மாவு இலேசாகும், பிஸ்கட் நன்றாக எழும்பும்.

அரவைக்கல்
இரவு 10.18

இதை வன்மையாக மறுக்கிறேன். கோதுமை மணியில் தவிடு ஏறத்தாழ 14 விழுக்காடு, முளை ஏறத்தாழ 3 விழுக்காடு. மணமும் எண்ணெயும் நார்ச்சத்தும் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கின்றன. சலித்துக் கொட்டிவிட்டால் வீட்டில் அரைப்பதற்குப் பொருளே இல்லாமல் போகிறது. அதற்குக் கடை மாவையே வாங்கிவிடலாம். தவிட்டின் கூர்முனைகள், மாவை இழுபட வைக்கும் பசைய (குளூட்டன்) இழைகளை அறுக்கும் என்பது உண்மைதான், ரொட்டிக்கு அது கெடுதல். மாவு இழுபடவே கூடாத இந்தப் பிஸ்கட்டுக்கு அதனால் நன்மையே.

செம்பனைக்காற்று
இரவு 10.30

எங்கள் பாட்டி தோட்டத்தில் இருந்தபோது ஒவ்வொரு முறையும் சலித்துத்தான் சப்பாத்தி சுட்டார். தவிடு பசுவுக்குப் போகும். அந்தச் சப்பாத்தியின் மிருது இன்றுவரை எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. தவிடு முழுக்க இருந்தால்தான் சரியான மாவு என்று சட்டம் போட வேண்டாம், ஐயா. பல் போன பெரியவர்களும் சிறு பிள்ளைகளும் தின்னப்போகிற பலகாரம் இது.

அரவைக்கல்
இரவு 10.44

சப்பாத்தி வேறு, இது வேறு. தவிடு முரடாகத் தெரிகிறதென்றால் நீர்மத்தில் ஊற நேரம் கொடுக்கவில்லை என்று பொருள். அரை மணி நேரம் ஊறிய தவிட்டைப் பல் இல்லாதவரும் மெல்லலாம்.

கேரித்தீவு_மருமகள்
இரவு 11.10

இருவரும் சலிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அக்காவுக்கு ஞாயிறு வந்துவிடும். ஊறவைப்பது பற்றி ஐயா சொன்னதோடு நான் முழுக்க உடன்படுகிறேன், என் அனுபவமும் அதுதான். சலிப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். நான் செய்யும் அளவைத் தருகிறேன், இதில் ஏறத்தாழ 12 பிஸ்கட் வரும்.

உலர்ந்த கோதுமையை அரைத்து ஆறிய மாவு 240 கிராம், பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். சோடா மாவு கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கட்டியாக விற்கும் செடார் சீஸ் 120 கிராம் வாங்கி, பெரிய துளையில் துருவிக்கொள்ளுங்கள். துண்டு சீஸில் இளகிப் பரவுவதற்கான உப்புகள் சேர்க்கப்பட்டிருப்பதால், அது மாவோடு கரைந்து களித்தன்மையைக் கூட்டும். கட்டி சீஸ் அங்கங்கே தனியாக உருகி, ஓரத்தில் கரகரப்பான முறுகலாக நிற்கும். அந்த முறுகலுக்காகவே நான் இதைச் செய்கிறேன்.

தயிரும் பாலும் கலந்தது 270 மில்லி, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்க வேண்டும். 100 கிராம் வெண்ணெயை உருக்கிச் சற்று ஆறவிட்டு, அந்தக் குளிர்ந்த கலவையில் ஊற்றிக் கலக்குங்கள். வெண்ணெய் அப்படியே உறைந்து, குருணைபோலச் சிறுசிறு கட்டிகளாக மிதக்கும். அதைக் கண்டு திரிந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம், பிஸ்கட் பொரபொரப்பாக வருவது அந்தக் கட்டிகளால்தான். மாவில் ஊற்றி, உலர்ந்த மாவு மறையும் வரை மட்டும் கிளறி நிறுத்திவிடுங்கள். முதலில் தளர்வாகத்தான் தெரியும், மேலும் மாவு சேர்க்காதீர்கள். கிண்ணத்தை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் 30 நிமிடம் வைத்தால் தவிடு ஈரத்தை உறிஞ்சி மாவு தானாகக் கெட்டிப்படும். பேக்கிங் பவுடர் ஈரத்தில் ஒருமுறையும் சூட்டில் மறுமுறையும் பொங்குவதால் இந்த அரை மணியில் வீணாகாது. பிறகு 220 டிகிரியில், நன்றாகச் சூடேறிய ஓவனில் 15 முதல் 18 நிமிடம். சிறிய ஓவனில் மேல் கம்பி பக்கத்திலேயே இருக்கும், தட்டைக் கீழ் அடுக்கில் வையுங்கள்.

தைப்பிங்_மழை
சனிக்கிழமை, காலை 6.50

எல்லாம் சரி. தீபாவளிக்கு வாங்கிய அந்த டப்பாவை வெந்நீரில் சோதித்தீர்களா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

லயத்து_வாத்தியார்
சனிக்கிழமை, காலை 9.15

மீதமிருக்கும் ஈர மாவைக் கொட்டிவிட வேண்டாம், அம்மா. இன்றைக்கே தோசையாக ஊற்றித் தீர்த்துவிடுங்கள், நாளை வரை வைத்தால் புளித்துப் பூசணம் பிடிக்கலாம். இனி உலர்ந்த கோதுமையில் அரைக்கும் மாவையும் அலமாரியில் வைக்காதீர்கள். முளையின் எண்ணெய் நம் வெப்பத்தில் சீக்கிரமே காறிப்போகும், அதுவும் ஒரு கசப்புக்குக் காரணம். உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும்.

செம்பனைக்காற்று
சனிக்கிழமை, இரவு 8.20

அக்கா, என்ன ஆயிற்று? செய்து பார்த்தீர்களா?

புக்கிட்ரோத்தான்_அம்மா
ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.05

நன்றி. நேற்று ஓடியாடியதில் எழுத முடியவில்லை. கழுவாத கோதுமை, தயிர், கட்டி சீஸ், புது பேக்கிங் பவுடர், 30 நிமிடம் ஊறல் என்று எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிச் செய்தேன். உள்ளே நன்றாக வெந்திருந்தது, கசப்பில்லை. பழைய டப்பா வெந்நீரில் கொஞ்சம்தான் நுரைத்தது. எது காரணமென்று இப்போது எனக்குத் தெரியவில்லை. 60 செய்தேன், ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு பாட்டி இரண்டு கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

தைப்பிங்_மழை
மாலை 6.11

கொஞ்சம்தான் நுரைத்தது என்றால் பவுடர்தான் காரணம்.

கேரித்தீவு_மருமகள்
மாலை 6.30

அப்படி முடிவுகட்ட முடியாது, மோரும் கோதுமையும் சேர்ந்தே மாறியிருக்கின்றன. இருந்தாலும் பிள்ளைகளும் பெரியவர்களும் சாப்பிட்டார்கள் என்பது நிறைவாக இருக்கிறது, அக்கா.

அரவைக்கல்
மாலை 7.25

கோதுமை எந்த வகை, சலித்தீர்களா இல்லையா என்பதை எழுதவில்லையே.