வாடகைச் செடானில் திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு: நாரி நோகாமல் அமர்வது எப்படி?

உவர்மலைவாசி:

அனைவருக்கும் வணக்கம். அம்மாவின் கிளினிக்குக்காக இரண்டு மாதங்களுக்கு ஒரு தடவை திருகோணமலையிலிருந்து கொழும்புக்குக் காரோட்டிச் செல்கிறேன். சொந்த வாகனம் இல்லாததால் ஒவ்வொரு முறையும் நாள் வாடகைக்கு ஒரு செடான் எடுக்கிறேன். எந்தக் கார் கிடைக்கும் என்பது பெரும்பாலும் முதல்நாள் மாலையில்தான் தெரியவரும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு 10 மணியளவில் போய்ச் சேருகிறோம்.

தம்புள்ளையைத் தாண்டும்போதே எனக்கு நாரி பிடிக்கத் தொடங்கிவிடுகிறது. குருநாகலுக்குப் பிறகு வலது பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை விறைத்துப் போகிறது. கடந்த முறை மருத்துவமனை வாசலில் இறங்கியவுடன் நிமிர முடியாமல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற கோலத்தைக் கண்ட காவலாளி, சக்கர நாற்காலியை அம்மாவைக் கடந்து என்னிடம் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மா சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு வயது 46, உயரம் 5 அடி 10 அங்குலம். தடித்த ஸ்பொஞ்ச் மெத்தை ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. இனி விலை கூடிய ஜெல் மெத்தை வாங்குவதா, பெரிய காராகக் கேட்பதா? முழங்கால் வாதமுள்ள அம்மாவை முன்னால் இருத்துவதா, பின்னால் இருத்துவதா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மூதூர்ச் சாரதி:

தம்பி, நான் இருபது வருடங்களுக்கு மேலாக வாடகை வாகனம் ஓட்டுகிறவன். முதல் வேலையாக அந்த மெத்தையை எடுத்து வீட்டில் வையுங்கள். ஆசனத்தின் முதுகுச் சாய்வில் நாரிக்கு அண்டை கொடுப்பதற்கென்று ஒரு மேடு வைத்திருப்பார்கள். மெத்தை உங்களை இரண்டு அங்குலம் உயர்த்தியவுடன் அந்த மேடு நாரியை விட்டு இறங்கி இடுப்பெலும்புக்கு நேராகப் போய்விடுகிறது. உங்களைப் போன்ற உயரமானவருக்குத் தலை கூரையை நெருங்குவதால், பாதையைப் பார்க்கக் கழுத்தையும் குனிய வேண்டியதாகிறது. ஜெல் மெத்தையும் தடிப்பாக இருந்தால் இதையேதான் செய்யும்.

காரை எடுத்தவுடன் புறப்படாமல் பத்து நிமிடம் செலவிடுங்கள். முன்பு ஓட்டியவர் விட்டுச்சென்ற இடத்திலேயே அமர்ந்து புறப்படுவதுதான் வாடகைக்கு எடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு. பல ஜப்பானிய செடான்களில் சாரதி ஆசனத்தின் பக்கத்தில் உயரத்தை மாற்றும் நெம்புகோல் ஒன்று உண்டு. அது இருப்பதையே அறியாமல் வருடக்கணக்காக ஓட்டுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ வரும் அளவுக்கு முதலில் உயரத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு பிட்டத்தை ஆசனத்தின் மூலைக்குள் நன்றாகத் தள்ளி அமர்ந்து, பிரேக்கை முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடிந்திருக்கும்படி ஆசனத்தை முன்பின்னாக நகர்த்துங்கள். தோள்கள் சாய்விலிருந்து விலகாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படவேண்டும். அதே சமயம் காற்றுப்பை வெடித்து விரிய இடம் இருக்கவேண்டும் என்பதால், நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் 25 சென்ரிமீற்றருக்குக் குறையவும் கூடாது. கண்ணாடிகளை எல்லாவற்றுக்கும் கடைசியில் திருப்புங்கள்.

காரைப் பொறுப்பெடுக்கும்போது சாரதி ஆசனத்தின் வலப்பக்க ஓரத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். எங்கள் நாட்டில் சாரதி ஏறி இறங்குவது அந்தப் பக்கமாக என்பதால், அதிகம் ஓடிய கார்களில் அங்குதான் ஸ்பொஞ்ச் முதலில் அமுங்கும். அமுங்கிய ஆசனத்தில் இடுப்பு வலப்பக்கம் சரிந்தபடி ஆறு மணித்தியாலம் இருக்கவேண்டிவரும்; அப்படியான காரை நான் என்றால் எடுக்கமாட்டேன். றெக்சின் உறை இன்னொரு தொல்லை. வியர்வையில் வழுக்கி, ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு விரற்கடை உங்களை முன்னால் நகர்த்தும். அதன்மேல் மெல்லிய பருத்தித் துவாய் ஒன்றை விரித்தால் போதும்.

ரயர்க் காற்றையும் கவனியுங்கள். எரிபொருள் மிச்சமாகும் என்று சிலர் அளவுக்கு மேல் அடித்துவிடுகிறார்கள். பிறகு வீதியின் ஒவ்வொரு வெடிப்பும் நேரே முள்ளந்தண்டுக்கு வரும். சரியான அளவு சாரதியின் கதவுத்தூணில் ஒட்டப்பட்டிருக்கும்.

தரிப்பு விடயத்தில் எங்கள் வீதிக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலுள்ள காட்டுப்பகுதியில் யானைகள் வீதியைக் கடக்கும். அதிலும் நீங்கள் புறப்படும் அந்த இருட்டு நேரத்தில், நாரி நோகிறதென்று அங்கே இறங்கி நிற்க முடியாது. ஆகவே களைப்பு வராவிட்டாலும் கந்தளாயில் ஐந்து நிமிடம் இறங்கி நடந்துவிட்டுக் காட்டுக்குள் போங்கள். அடுத்தது ஹபரணை, பிறகு தம்புள்ளை, பிறகு குருநாகல்.

நிலாவெளிக் காற்று:

இயன்மருத்துவப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். சாரதி ஐயா சாய்வின் கோணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். சிலர் நிமிர்ந்திருப்பதே நல்லதென்று தொண்ணூறு பாகையில் விறைப்பாக அமர்கிறார்கள். வேறு சிலர் சாய்மனைக் கதிரையில் கிடப்பதுபோலச் சரிந்து, பாதையைப் பார்க்கத் தலையை மட்டும் முன்னால் நீட்டுகிறார்கள். இருக்கைத் தளத்துக்கும் முதுகுச் சாய்வுக்கும் இடையில் 100 முதல் 110 பாகை வரையான கோணம் பெரும்பாலானோருக்குப் பொருந்தும்.

அமர்ந்திருக்கையில் இடுப்பெலும்பு பின்னால் உருள்வதால் நாரியின் இயல்பான உள்வளைவு தட்டையாகிறது. இழைநார்கள் மணிக்கணக்காக இழுபட்டுத் தளர்கின்றன. சுவீடனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் நாச்செம்சன் 1960களில் முள்ளந்தண்டின் இடைத்தட்டுக்குள் அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட அமர்வதில் அழுத்தம் கூடுதல் என்று காட்டினார். ஆனால் 1999இல் வெளியான, வில்கே என்ற ஆய்வாளரின் குழு செய்த அளவீட்டில், தளர்ந்து அமர்ந்திருக்கும்போது அழுத்தம் நிற்பதைவிடக் கூடவில்லை என்று தெரிந்தது. அவர்கள் வலியுறுத்தியது உடலின் நிலையை அடிக்கடி மாற்றுவதையே. என் அனுபவமும் அதுதான்: எவ்வளவு நல்ல அமர்வும் இரண்டு மணித்தியாலம் அசையாமல் தொடர்ந்தால் கெட்ட அமர்வாகிவிடும். காரில் இதனோடு அதிர்வும் சேர்கிறது. அமர்ந்திருக்கும் மனிதனின் முள்ளந்தண்டு செக்கனுக்கு 4 முதல் 6 தடவை வரையான மேல்கீழ் அதிர்வில் மிகக் கூடுதலாக ஆடும். பழுதான வீதியில் கார் கொடுக்கும் அதிர்வு இந்த எல்லையைத் தொடுகிறது.

நாரிக்கு மெத்தை தேவையில்லை. முகம் துடைக்கும் சிறிய துவாயைச் சுருட்டி, இடுப்புப் பட்டி கட்டும் உயரத்தில் முதுகுக்கும் சாய்வுக்கும் இடையில் வையுங்கள். கையின் மணிக்கட்டை விடத் தடிப்பாக இருக்கவேண்டாம். தடித்தால் அது உங்களை முன்னால் தள்ளும். உங்கள் பின்பையில் பணப்பை இருக்கிறதா? வலது பிட்டத்திலிருந்து கீழே இறங்கும் விறைப்பு என்றதும் நான் முதலில் கேட்பது அதைத்தான். அதை எடுத்த பின்னும் விறைப்பு நீடித்தாலோ, பாதத்தில் பலக்குறைவு தெரிந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர் கழிப்பதில் மாற்றம் ஏற்பட்டால் அன்றைக்கே போகவேண்டும். காரிலிருந்து இறங்கியவுடன் பொதிகளைத் தூக்காதீர்கள். நாரி அந்த நேரத்தில்தான் மிகவும் தளர்ந்திருக்கும். சில நிமிடம் நடந்த பிறகு தூக்கலாம்.

அம்மாவை முன்னால் இருத்துங்கள். செடானின் பின்னாசனம் தாழ்வு, கால் நீட்ட இடமும் குறைவு. முழங்கால் வாதமுள்ளவருக்கு அதிலிருந்து எழுவது பெரும்பாடு. முன்னாசனத்தைப் பின்னால் தள்ளி, அவர் பக்கவாட்டில் முதலில் அமர்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பட்டும். ஆசனத்தின்மேல் ஒரு பொலித்தீன் பையை விரித்தால் திரும்புவது இலகு. திரும்பியதும் அதை எடுத்துவிடுங்கள், இல்லையேல் பிரேக் பிடிக்கும்போது வழுக்குவார். நித்திரைக்காக ஆசனத்தை முழுதாகச் சாய்க்க விடாதீர்கள். ஆசனப்பட்டி இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணங்களில் காலின் நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. மொத்தத்தில் அது அரிதானதே என்றாலும், வயதானவர் என்பதால் ஒவ்வொரு தரிப்பிலும் அவரும் இறங்கி நடக்கவேண்டும். ஓடும்போது குதிக்காலை ஊன்றிப் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள்.

பாலையூற்றுப் பயணி:

பெரிய கார் வேண்டாம். கடந்த வருடம் நான் வான் எடுத்துப் பார்த்தேன். நிமிர்ந்து அமரலாமே தவிரக் குலுக்கல் செடானை விட மோசம். ஒரு சிறு உபாயம் சொல்கிறேன்: சரியாக அமர்ந்த நிலையில் உட்கண்ணாடியைப் பின்கண்ணாடி முழுதும் தெரியும்படி வைத்துவிட்டு, பிறகு அதைத் தொடாதீர்கள். வழியில் காட்சி பாதியாகத் தெரிந்தால் மாறியது கண்ணாடி அல்ல, சரிந்தது நீங்கள்.

உவர்மலைவாசி:

அனைவருக்கும் நன்றி. நேற்று முன்தினம் போய்வந்தேன். அக்கா கேட்டது சரிதான்: அடையாள அட்டையும் பழைய பற்றுச்சீட்டுகளுமாகத் தடித்த பணப்பை வலது பின்பையில்தான் இருந்தது. மெத்தையை விட்டுவிட்டுத் துவாயோடு போனேன். கந்தளாயில் இறங்கியபோது நடப்பதற்குத் தேவை இருப்பதாகவே தோன்றவில்லை, ஆனாலும் நடந்தேன். தம்புள்ளை வரை உட்கண்ணாடி மூன்று தடவை என்னைத் திருத்தியது. குருநாகலுக்குப் பின் நாரியில் ஓர் இறுக்கம் இருந்தது, விறைப்பு வரவில்லை. அம்மா முன்னால் இருந்ததால் வழிநெடுக வேகத்தைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அதற்கு இங்கே யாரும் பரிகாரம் எழுதவில்லை.

இனி ஒரே ஒரு சந்தேகம். இந்தக் காரில் சாரதி ஆசனச் சாய்வின் வெளிப்பக்க விளிம்பில் எயார்பாக் என்று எழுதிய சிறு துண்டு ஒன்று உறைக்குள் மறைந்திருந்தது. உறையைக் கழற்றச் சொல்லவேண்டுமா?

மூதூர்ச் சாரதி:

சொல்லவேண்டும் தம்பி. அந்த இடத்தில் பக்கக் காற்றுப்பை இருக்கிறது. விளிம்பை முழுதாக மூடித் தைத்த உறை அது விரிவதைத் தடுக்கக்கூடும். பக்கம் திறந்த உறை போட்ட காரைக் கேளுங்கள், அல்லது உறையைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். துணி ஆசனமாக இருந்தால் நாரிக்கும் அதுவே சுகம்.