துருமாற்றியா, துருத்தணியா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

ராமநாதபுரம் ஆசிரியர் எழுதியது:

சொல்லாக்கக் குழும அன்பர்களுக்கு வணக்கம். மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்காக, பழைய ஜீப்பின் துருவைத் தற்காலிகமாகச் சமாளிப்பது பற்றி ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எங்கள் பக்கம் உப்புக்காற்று. தனுஷ்கோடி மணலில் ஓடிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ரப்பர் விரிப்பைத் தூக்கினால் ஈரம், ஈரத்துக்கு அடியில் பொருக்குப் பொருக்காகத் துரு. டிங்கரிங்குக்குப் பணம் சேரும் வரை வண்டி ஓடியாக வேண்டும். உதிர்கிற துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, தூசியும் எண்ணெயும் போகத் துடைத்து, ரஸ்ட் கன்வர்ட்டர் பூசி, கறுத்துக் காய்ந்ததும் பிரைமர், பெயின்ட். இந்த ரஸ்ட் கன்வர்ட்டருக்குத்தான் சொல் கேட்கிறேன். 'துருமாற்றி' என்று போட்டிருக்கிறேன், மனசு ஒப்பவில்லை.

கோவை பொறியாளர்:

ஏன் ஒப்பவில்லை? அதில் இருப்பது டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம். துரு என்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு. டானிக் அமிலம் பட்டால் கருநீல இரும்பு டானேட்டாகிறது; மற்றது பட்டால் இரும்பு பாஸ்பேட். ஒன்று இன்னொன்றாக மாறுகிறது, அவ்வளவுதான். மின்மாற்றியை ஏற்ற நாக்கு துருமாற்றியை ஏற்காதா?

மதுரை ஐயா:

ஏற்கும், ஆனால் தவறாக ஏற்கும். டயர் மாற்றினேன் என்றால் பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டேன் என்று பொருள். துருவை மாற்றினால் புதுத் துரு வருமோ? என் முன்மொழிவு 'துருத்தணி'. தணிதல் என்றால் அடங்குதல், அழிதல் அன்று. தற்காலிகம் என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. செரு என்றால் போர்; முருகன் செருவின் சினம் தணிந்த இடம் செருத்தணி, அதுவே திருத்தணி ஆயிற்று என்பர். இன்னொன்றும் சொல்வேன். துவர் என்றால் சிவப்பு, துவர்ப்புச் சுவையும் துவர். துரு சிவப்பு, டானிக் அமில வகையான டானின் துவர்ப்பு. துருவும் துவரும் ஒரே வேர் என்றே கருதுகிறேன்.

சென்னை அக்கா (மொழிபெயர்ப்பாளர்):

ஐயா, துவர் துருவானால் சுவர் சுருவாக வேண்டும், கவர் கருவாக வேண்டும். ஆகவில்லையே! அதை விடுங்கள். இந்த மடலில் துருத்தணி என்று அடித்த ஒவ்வொரு முறையும் என் கைபேசி திருத்தணி என்று திருத்திவிட்டது. மாணவர்கள் வாட்ஸப்பில் "ஜீப்புக்குத் திருத்தணி அடிச்சாச்சு" என்றுதான் அனுப்புவார்கள்.

யாழ்ப்பாணத்து அண்ணர்:

எங்கள் பக்கம் பேச்சில் துரு வராது, கறள்தான். பழைய லாண்ட் ரோவரின் உடல் அலுமினியக் கலவை. சட்டகமும் எஞ்சினுக்குப் பின்னால் நிற்கும் முன்சுவரும் இரும்பு, கறள் அங்கேதான் தின்னும். நஞ்சுமுறி போல 'கறள்முறி' என்று வைத்தால் என்ன? தமிழகத்துக்கு மட்டும்தான் சொல்லாக்கமா?

தஞ்சாவூர் சித்த மருத்துவர்:

கடுக்காயை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி சேர்த்து மை காய்ச்சிய ஊர் இது. அன்னபேதி இரும்பு உப்பு, கடுக்காயில் டானின். மை கறுத்ததும் ஜீப் தகடு கறுப்பதும் ஒரே வேதியியல். ஆகவே 'கடுக்காய்ப் பூச்சு'. தற்காலிக வேலைதானே, துருவுக்குக் கடுக்காய் கொடுக்கிறோம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கோவை பொறியாளர்:

ரசித்தேன். பாஸ்பாரிக் அமில டப்பாவில் கடுக்காய் என்று எழுதுவீர்களா?

திருப்பூர் பட்டறைக்காரர்:

பெரியவர்கள் மன்னிக்கணும். பட்டறையில் பையனிடம் "கன்வர்ட்டர் எடுடா" என்றால்தான் எடுப்பான். சொல் எதுவானாலும் சரி, பாடத்தில் இதைப் போடுங்கள். முதலில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கணும். தகடு உள்ளே போனால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது, வெட்டி வெல்டிங்தான். ஓட்டைக்கு மேல் பட்டி அடைத்துப் பெயின்ட் அடித்து விற்கிற வேலையைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்; பட்டிக்குப் பின்னால் ஈரம் தங்கி அடுத்த மழைக்குள் கொப்புளம் விடும். கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும், அதையும் அடைக்கக் கூடாது. சேஸி அரித்திருந்தால் தற்காலிகம் என்ற பேச்சே வேண்டாம்.

மதுரை ஐயா:

பயனுள்ள மடல். ஆனால் கன்வர்ட்டர் என்றே எழுதுவதானால் இந்தக் குழுமம் எதற்கு?

சென்னை அக்கா:

புரிகிற பாடம் எழுதுவதற்கு, ஐயா. காரின் புகைக்குழாயிலும் ஒரு கன்வர்ட்டர் இருக்கிறது. வெறும் கன்வர்ட்டர் என்றால் பையனே குழம்புவான். அதனால் நானும் துருமாற்றி பக்கம்.

ராமநாதபுரம் ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. மணி பதினொன்று, அச்சகத்தார் காலையில் வருவார். எண்ணிப் பார்த்தால் துருமாற்றிக்குத்தான் ஆள் அதிகம், அதையே வைக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் 'ரஸ்ட் கன்வர்ட்டர் எனப்படும் துருமாற்றி'. கறள் என்ற சொல் அடிக்குறிப்பில் வரும். ஸ்க்ரூடிரைவர் சோதனையை முதல் பத்திக்கே கொண்டுபோய்விட்டேன்.

யாழ்ப்பாணத்து அண்ணர்:

அடிக்குறிப்பிலாவது இடம் கிடைத்ததே, மகிழ்ச்சி.

மதுரை ஐயா:

மெய்ப்பைப் பார்த்தேன். மூன்றாம் படியில் 'துருமாற்றிப் பூசுக' என்று அச்சாகியிருக்கிறது. அங்கே ஒற்று மிகாது. மிகுந்தால் மாற்றி என்பது வினையெச்சம், 'துருவை மாற்றிவிட்டுப் பூசுக' என்றாகிவிடும். எதைப் பூசுவது என்று மாணவன் கேட்பான். 'துருத்தணி பூசுக' என்றிருந்தால் இந்தத் தொல்லை வந்திராது. ஒற்றை நீக்கிவிடுங்கள். துவர், துரு பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.