காரைக்குடி: கடை வேலையோடு 21.1 கி.மீ. ஓட்டத்துக்குத் தயாராவது எப்படி?

கேள்வி: காலை 9:30 முதல் இரவு 9 வரை கடையில் நின்றே வேலை. ஞாயிறு லீவு. இப்போது வாரம் மூன்று நாள் 5 கி.மீ. ஓடுகிறேன். வீட்டையும் பார்த்துக்கொண்டு தூரத்தை எப்படிக் கூட்டுவது, அண்ணே?

பதில் 1: நாலு நாள் போதும் தம்பி. செவ்வாய், வியாழன் 5 கி.மீ., வெள்ளி 3, ஞாயிறு நீண்ட ஓட்டம். ஞாயிறை 6-இல் தொடங்கி வாரம் 1 கி.மீ. கூட்டுங்கள், நாலாவது வாரம் கால் பங்கு குறையுங்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரி. பலர் தடுமாறுவது இங்கேதான்: தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டுவார்கள், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்க ஆரம்பிக்கும். ஓடாமலே கெண்டைக்கால் உங்களுக்கு நாள் முழுக்க உழைக்கிறது, அதை மறக்காதீர்கள். வலி எலும்பில் ஒரே புள்ளியில் இருந்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

பதில் 2: சித்திரை வெயிலில் 5 மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் வியர்வை. அதை ஈடுகட்ட ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) குடித்தால், பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள், பாதியாகப் பிரிக்க வேண்டாம். குன்றக்குடி ரோட்டில் இருட்டில் ஓடினால் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒளிரும் பட்டியோடு ஓடுங்கள்.

பதில் 1: இன்னொன்று. இரவு 11-க்குப் படுத்தால் மறுநாள் ஓட்டத்தை விட்டுவிடுங்கள், அதை ஞாயிறோடு சேர்க்காதீர்கள்.