இரண்டு முறை நீட் எழுதிய மகள் "கூட்டிட்டுப் போங்கப்பா" என்கிறாள், என்ன செய்யட்டும்?

அருப்புக்கோட்டை தறிக்காரர்

வணக்கம். எனக்குச் சொந்தமாக நான்கு விசைத்தறி இருக்கிறது. அதை வைத்துத்தான் குடும்பம் ஓடுகிறது. மூத்த மகள் 2024-ல் பிளஸ் டூ முடித்தாள். அந்த வருடம் நீட் மருத்துவ நுழைவுத் தேர்வில் 720-க்கு 502. அடுத்து நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டலில் ஒரு வருடம் தங்கிப் படித்துவிட்டு 2025 மே 4-ஆம் தேதி எழுதினாள். 471. ஒரு வருடம் முழுக்கப் படித்தும் 31 மார்க் குறைந்துவிட்டது. அரசுக் கல்லூரியில் இடம் இல்லை. தனியாரில் கட்ட எனக்கு வசதி இல்லை.

மூன்றாவது முறையும் எழுதட்டும் என்று முடிவு செய்தது நான்தான். அதே ஹாஸ்டலில் ரிப்பீட்டர் பேட்ச். மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம், அதில் பாதியைக் கட்டியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து நிமிடம் பேச விடுவார்கள். போன ஞாயிறு பேசும்போது, "என்னைக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றாள். அழவில்லை. போன வருடமெல்லாம் அழுவாள், அழுது முடித்துவிட்டு "சரிப்பா, படிக்கிறேன்" என்பாள். இந்தத் தடவை கடையில் கால் கிலோ சீனி கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். ஓ.எம்.ஆர். ஷீட்டில் கறுப்புப் பேனாவால் வட்டம் வட்டமாக நிரப்பியே நடுவிரல் ஓரம் காய்த்துப் போயிருந்தது. நகங்களைச் சதை தெரியும்வரை கடித்து வைத்திருந்தாள். அவளுக்குச் சாத்தூர் சேவு என்றால் உயிர். அதற்கு முந்தின மாதம் நான் கொடுத்துவிட்டு வந்த பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

வாராவாரம் டெஸ்ட் ரிசல்ட் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் வரும். முந்நூறு பிள்ளைகளின் பெயரும் மார்க்கும் வரிசையாக இருக்கும். கடைசி முப்பது பேருக்கு மட்டும் சிவப்பு எழுத்து. மெசேஜ் சத்தம் கேட்டதும் தறியை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். பார்த்து, நாட்காட்டித் தாளின் பின்பக்கம் மார்க்கை எழுதித் தறிப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைப்பேன். இரண்டு வாரத்துக்கு முன் அவள் பெயர் சிவப்பில் வந்தது. சுவரில் ஒட்டியிருந்த எல்லாத் தாளையும் என் மனைவி நேற்றுக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. 471 என்று வந்த அன்று, "ஒரு வருசம் உக்காந்து சாப்பிட்டதுக்கு 31 மார்க் குறைச்சுக் கொண்டாந்திருக்கியா" என்று கேட்டுவிட்டேன். எழுதும்போதே கூசுகிறது.

அவள் எட்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவள். 2020-ல் ஒன்பதாவதுக்குத் தனியார் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நான்தான், நீட்டுக்கு அங்கேதான் தயார் செய்வார்கள் என்று. அந்த அக்டோபர் கடைசியில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இரண்டே மாதம் பொறுத்திருந்தால் அவளை அங்கேயே விட்டிருப்பேன். இன்றைக்கும் அந்தப் பள்ளி வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

இப்போது கூட்டி வந்தால் அவள் வருடம் வீணாகிவிடுமா? வரும் மே வரை எப்படியாவது பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்லலாமா? பிள்ளைகளை இப்படி அனுப்பியவர்கள் சொல்லுங்கள்.

---

ரிப்பீட்டர் அப்பா, தேனி

அண்ணே, பாதிக் கிணறு தாண்டியாச்சு. என் பையனும் இப்படித்தான் நடுவில் வருகிறேன் என்றான். விடவில்லை. இன்று பி.டி.எஸ்., பல் மருத்துவம் படிக்கிறான். ஐந்தாறு மாதம்தானே, ஆறுதல் சொல்லித் தேற்றுங்கள். வீட்டுக்கு வந்துவிட்டால் டிவி, செல்போன் என்று படிப்பு போயே போய்விடும்.

---

விலங்கியல் ஆசிரியை

அண்ணா, நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேலாக விலங்கியல் எடுக்கிறேன். 2017-க்கு முன்பு பிளஸ் டூ மார்க்கை வைத்து மருத்துவக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு நீட் எழுதும் பிள்ளைகளையும் பார்க்கிறேன்.

முதலில் அந்த 31 மார்க் விஷயம். தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். 2024 வினாத்தாளும் 2025 வினாத்தாளும் ஒன்றல்ல. 2024-ல் முதலில் ரிசல்ட் வந்தபோது 67 பேர் முழுசாக 720 வாங்கியிருந்தார்கள். வழக்கு, திருத்தம் எல்லாம் முடிந்த பிறகும் 17 பேர் 720-ல் இருந்தார்கள். 2025-ல் இந்தியாவிலேயே முதலிடம் வந்த பிள்ளைக்கு 686தான். பொதுப்பிரிவில் தகுதி மதிப்பெண் 162-லிருந்து 144-க்கு இறங்கியது. அதோடு, 2024-ல் 200 கேள்வி கொடுத்து 180-க்கு எழுதினால் போதும், நேரமும் மூன்று மணி இருபது நிமிடம். 2025-ல் தெரியாததை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கும் வசதியே கிடையாது. 180 கேள்வியையும் 180 நிமிடத்தில் எழுத வேண்டும். பிஸிக்ஸ் பகுதியைப் பார்த்து எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியரே கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

அப்படியிருக்க 502-க்குப் பிறகு 471 வந்ததை இறக்கம் என்று எப்படிச் சொல்வது? இரண்டு வருட ஸ்கோர்கார்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மார்க்கைப் பார்க்காதீர்கள், அகில இந்திய ரேங்க் என்று இருக்கும், அதைப் பாருங்கள். உங்கள் மகள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரைத் தாண்டி முன்னால் வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்து, போய்க் கூட்டி வாருங்கள். இந்த வாரமே. தேனி அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பையன் தேறிவிட்டான், சந்தோஷம். ஆனால் அழுதுகொண்டிருந்த பிள்ளை அழாமல் கேட்கிறது, பிடித்ததைச் சாப்பிடவில்லை, நகத்தைச் சதையோடு கடிக்கிறது என்றால் ஆறுதல் சொல்லித் தேற்றுகிற கட்டம் தாண்டிவிட்டது. வகுப்பில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் அன்று மாலையே வீட்டுக்குப் போன் போட்டுவிடுவேன். ஒருமுறை தாமதித்தேன். அதைப் பற்றி இங்கே எழுத முடியவில்லை.

வருடம் வீணாகுமா என்று கேட்டீர்கள். நீட்டை இத்தனை முறைதான் எழுத வேண்டும் என்று கட்டுப்பாடு கிடையாது. மேல் வயது வரம்பையும் 2022-ல் எடுத்துவிட்டார்கள். அவள் வீட்டில் இருந்தும் எழுதலாம், வேறு படிப்பில் சேர்ந்த பிறகும் எழுதலாம். உள்ளே உட்கார வைத்தாலும் களைத்த பிள்ளைக்கு மார்க் ஏறாது. ஒரு தப்பான வட்டத்துக்கு ஒரு மார்க் போகும், கிடைக்க வேண்டிய நாலும் போகும். தூக்கமில்லாத கண்ணுக்கு, கேள்வியில் இருக்கும் "தவறானது எது" என்கிற சொல் தெரியாது. நல்லாப் படிக்கிற பிள்ளைகள் அங்கேதான் விழுகிறார்கள்.

இடையில் ராத்திரியில் பயமாக இருந்தால் அரசு உதவி எண் 104-க்கு அடியுங்கள். நீட் எழுதும் பிள்ளைகளோடு பேசவும் அங்கே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பெற்றோரும் பேசலாம்.

---

எம்.பி.பி.எஸ். மாணவி (2023-ல் சேர்ந்தவள்)

அங்கிள், நான் மூன்று முறை எழுதித்தான் வந்தேன். அதனால் மூன்றாவது முறை எழுதினால் கிடைத்துவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னோடு மூன்றாவது முறை எழுதிய இரண்டு தோழிகளுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் என்னைவிட நன்றாகப் படிப்பவர்கள்.

மூன்றாவது வருடம் நான் வீட்டில்தான் இருந்தேன். எழுதுகிறேன் என்று சொன்னது நானே. அம்மா ஒரே ஒரு வாக்குக் கொடுத்தார்: "நீயா சொன்னாத்தான் உண்டு, நான் மார்க் கேட்க மாட்டேன்." கடைசிவரை கேட்கவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்று புரியவில்லை. ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு டெஸ்ட் முடிந்ததுமே அப்பா முகம் எப்படி மாறும் என்பதுதான் ஓடும். அந்த நினைப்பிலேயே அடுத்த டெஸ்ட் எழுதுவேன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து ஐந்து இருபதுக்கு எழுந்துவிடுவேன், அப்போது நிஜத் தேர்வு நேரம் அதுதான் என்பதால். பயாலஜியின் 90 கேள்வியை முதலில் முடித்துவிட்டுத்தான் மற்றது. தப்பானதை மட்டும் ஒரு நோட்டில் எழுதுவேன், ஏன் தப்பானது என்பதோடு. தெரியாமல் விட்டது, அவசரத்தில் விட்டது, வட்டம் மாற்றிப் போட்டது என்று பிரித்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்கு அவசரத்தில் போனது. அதற்கு மேலும் படித்து என்ன பயன்? நிதானம்தான் வேண்டியிருந்தது.

அவளிடம் தனியாகக் கேளுங்கள். ஹாஸ்டல் போனில் கேட்டால் வார்டன் பக்கத்திலேயே நிற்பார், உண்மை வராது. டாக்டர் ஆகணுமா என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வோம். இந்தத் தேர்வை இன்னொரு தடவை எழுதத் தெம்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

---

செவிலியர், திருச்சி

அண்ணா, நான் 2018, 2019 இரண்டு முறை எழுதி விட்டுவிட்டவள். பி.எஸ்சி. நர்சிங் படித்து இப்போது ஐ.சி.யூ.வில் வேலை. நம் மாநிலத்தில் நர்சிங், பி.பார்ம், விவசாயம், மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவம் எல்லாம் பிளஸ் டூ மார்க்கில்தான். சித்தா, ஆயுர்வேதத்துக்கு நீட் வேண்டும், ஆனால் அதற்குக் கவுன்சிலிங் தனி. வயது வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் பிளஸ் டூ மார்க் எங்கும் போய்விடவில்லை, அதை அவளுக்கு ஞாபகப்படுத்துங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு வருடம் நான் ஒன்றுமே படிக்காதவள் மாதிரி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன்.

---

அருப்புக்கோட்டை தறிக்காரர்

எல்லாருக்கும் நன்றி. தேனி அண்ணனுக்கும்தான், அவர் எழுதியதைத்தான் நானும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் எழுதியதைப் படித்த ராத்திரியே இரண்டு ஸ்கோர்கார்டையும் எடுத்தேன். மொபைல் வெளிச்சத்தில் மூன்று தடவை பார்த்தேன். டீச்சர் சொன்னதுதான் சரி. முதல் தடவை இரண்டு லட்சத்தைத் தாண்டி இருந்தவள் இரண்டாவது தடவை அதில் பாதிக்கு வந்திருக்கிறாள். மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை போய்க் கூட்டி வந்துவிட்டேன். கட்டிய பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம். போகட்டும்.

பஸ்ஸில் திருமங்கலம் தாண்டும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் நானே சொன்னேன், "அம்மா, உன் ரேங்க்கை இப்பத்தான் பாத்தேன். அப்பா அன்னைக்குச் சொன்னது தப்பு." அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அன்னைக்கே சொன்னேனேப்பா, ரேங்க்கைப் பாருங்கன்னு" என்றாள். நான் எப்போது சொன்னாய் என்று கேட்டேன். தறிப் பக்கத்தில் வந்து நின்று சொன்னாளாம். இரண்டு தடவை. நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்ததாம்.

யோசித்தால் அவள் வந்து நின்றது ஞாபகம் வருகிறது. உதடு அசைந்ததும் ஞாபகம் வருகிறது. வாட்ஸ்அப் சத்தத்துக்குத் தறியை நிறுத்துகிற நான் அன்று நிறுத்தவில்லை.

மாணவி பாப்பா சொன்னபடியே கேட்டேன், தெம்பு இருக்கிறதா என்று. இப்போது இல்லை, பொங்கல் கழித்துச் சொல்கிறேன் என்றாள். சரி என்றேன். மனைவியும் நானும் இனி மார்க் கேட்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். நர்சிங், கால்நடை விவரமெல்லாம் ஒரு தாளில் எழுதி அவள் மேசையில் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்த்தாளா தெரியவில்லை. புத்தக மூட்டை கட்டுப் பிரிக்காமல் திண்ணையில் கிடக்கிறது. யாரும் தொடவில்லை.

வந்த அன்று சாயங்காலம் தூங்கப் போனவள் மறுநாள் ஒன்பதரைக்குத்தான் எழுந்தாள். அதுவரை தறி ஓட்டவில்லை.