டிரெய்லரில் பிரேக் மிதித்தால் சிக்னலும் மங்கலாக எரிகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே. மலேசியாவில் ஈப்போ பக்கமுள்ள சுங்கை சிப்புட்டில் புல்வெட்டு இயந்திரம் ஏற்ற ஒரு டிரெய்லரை வெல்டிங் செய்து முடித்தாயிற்று. விளக்கு வேலைதான் நிற்கிறது.

கார் மின்சாரத்தை டிரெய்லருக்குக் கொடுப்பது ஏழு முள் (pin) பிளக். 1 இடது சிக்னல், 4 வலது சிக்னல், 5ம் 7ம் பின்விளக்கு, 6 பிரேக், 3 எர்த். பின்விளக்கு எரியும்போது பிரேக் மிதித்தால் சிக்னல் பல்புகளும் மங்கலாக எரிகின்றன. எர்த் சரியில்லாமல் மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகத் திரும்புகிறது என்பது தெரிகிறது. விளக்கின் அடியில் பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டாயிற்று. ஆனாலும் பிரேக் மிதிக்கையில் 3ஆம் முள்ளுக்கும் கார் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 1.8 வோல்ட் காட்டுகிறது; எர்த் சரியாக இருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டும். ஆக, கோளாறு கார் பக்கம்தான். டிரெய்லரைக் காரில் மாட்டும் கொக்கி உருண்டையை நம்பி எர்த் விடக்கூடாது. கிரீஸும் துருவும் தடுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை சாக்கெட்டிலிருந்து நேரே பேட்டரிக்கு இழுப்பதா, காரின் பின்பக்கச் சேசிஸில் (அடிச்சட்டத்தில்) போல்ட் போட்டால் போதுமா? மழையில் நனைந்தும் தாங்கியது எது?

அடுத்தது ரிஃப்ளெக்டர். பின்னால் சிவப்பு முக்கோணம் இரண்டு, முனை மேலே பார்த்து, ஓரத்திலிருந்து 400 மில்லிமீட்டருக்குள், தரையிலிருந்து 250க்கும் 900க்கும் நடுவே. முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள். இறக்கும் கதவில் ஒட்டினால் கதவைத் திறந்ததும் மறைந்துவிடும், அதனால் சட்டத்திலேயே பொருத்த எண்ணம்.

கடையில் கிடைக்கும் முக்கோணங்களில் வட்டத்துக்குள் 'E' என்ற தர அங்கீகார முத்திரையே இல்லை. முத்திரை உள்ளது ஈப்போ பக்கம் எங்கே கிடைக்கும்? வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமில் டிரெய்லர் காட்டியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.