மறு: ‘பயிர் நிலை’யா, ‘பயிர் நிலவரம்’ ஆ?

அனைவருக்கும் வணக்கம். பயிர் அறிக்கைகளுக்காக நாம் தொகுத்து வரும் தமிழ்ச் சொற்கோப்பில் ‘கிராப் கண்டிஷன்’, அதாவது நிற்கிற பயிர் எப்படி இருக்கிறது என்பதற்கு, என்ன சொல் வைப்பது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

> கிராப் கண்டிஷன் என்பதற்குப் ‘பயிர் நிலை’ என்று வைத்துவிடலாமே. சுருக்கமாக இருக்கிறது. இதில் என்ன சிக்கல்?

சிக்கல் இருக்கிறது ஐயா. ‘நிலை’க்கு ஏற்கெனவே வேறு வேலை கொடுத்துவிட்டோம். வளர்ச்சி நிலை, நாற்று நிலை, முதிர்ச்சி நிலை என்று பயிரின் வயதைச் சொல்ல அதைத்தான் எழுதி வருகிறோம். அமெரிக்க வேளாண்மைத் துறை ஏப்ரலில் தொடங்கி நவம்பர் வரை வாராவாரம் வெளியிடும் பயிர் அறிக்கையைப் பாருங்கள். சில அட்டவணைகளில் மக்காச்சோளம் எத்தனை விழுக்காடு விதைத்தாயிற்று, எத்தனை விழுக்காடு முளைத்திருக்கிறது, எவ்வளவு முற்றிவிட்டது என்று இருக்கும். இன்னோர் அட்டவணை, நிற்கிற பயிர் எப்படி இருக்கிறது என்பதை ஐந்து தரமாகப் பிரித்துச் சொல்லும். இரண்டு வகைக்கும் ‘பயிர் நிலை’ என்றே தலைப்பு வைத்தால் படிப்பவர் எதை எதுவென்று எடுத்துக்கொள்வார்?

எனக்கு இது ஏட்டுச் சிக்கல் இல்லை. எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. அந்த மார்கழியில் பெரியப்பாவோடு வரப்பில் நடந்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வயல். ஒரே வாரத்தில் நட்ட ஒரே ரகம். பெரியப்பா இரண்டிலும் ஒவ்வொரு தண்டைப் பிடுங்கி, நகத்தால் கீறிப் பிரித்துக் காட்டினார். உள்ளே விரல் நீளத்தில் வெளுப்பாகக் கதிர் சுருண்டு கிடந்தது. இரண்டுமே தொண்டைக்கதிர்ப் பருவம், சந்தேகமே இல்லை. ஆனால் பம்புசெட் பாயும் வயல் கருகருவென்று நின்றது. வானத்தை நம்பிய வயலில் காலை ஒன்பது மணிக்கே தோகையெல்லாம் ஊசி போலச் சுருண்டுவிட்டது. “பருவம் ஒண்ணுதான், பயிருதான் வாடிப் போச்சு” என்றார். நாம் இங்கே முப்பது மடலாகப் பிரிக்க முயல்வதை அவர் ஒரே வாக்கியத்தில் பிரித்துவிட்டார்.

ஆகவே ஸ்டேஜ் என்பதற்கு இனி நிலைக்குப் பதில் பருவம். தொண்டைக்கதிர்ப் பருவம், பூக்கும் பருவம், பால் பிடிக்கும் பருவம் என்று உழவர்கள் நாள்தோறும் சொல்வதுதான். கண்டிஷன் என்பதற்கு நிலவரம். சந்தை நிலவரம், அணை நிலவரம் என்று வானொலியில் கேட்டுப் பழகிய சொல். இன்றைக்கு இப்படி, அடுத்த வாரம் மாறலாம் என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. நிலையில் அந்த அசைவு இல்லை.

இந்த வேறுபாடு நாட்டளவில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2022 மார்ச் ஒன்றே போதும். 1901இலிருந்து உள்ள பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான மார்ச் அது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கோதுமை மணி பிடித்துக்கொண்டிருந்தது. பரப்பில் பெரிய குறையில்லை, பருவமும் பிந்தவில்லை. நிலவரம்தான் சில வாரங்களில் சரிந்தது, மணி சுருங்கியது. பிப்ரவரியில் 11.1 கோடி டன் என்று கணித்த அரசு, மே மாதத்தில் அதை 10.6 கோடியாகக் குறைத்தது. மே 13 அன்று ஏற்றுமதியையும் தடை செய்தது. அதே வெயில் கோதுமை அறுவடைக்குக் காத்து நிற்கும்போது அடித்திருந்தால் இவ்வளவு சேதம் இருந்திருக்காது. பருவமும் நிலவரமும் வானிலையும் தனித்தனிச் சொல்லாக இருந்தால்தான் இந்தக் கதையைத் தமிழில் குழப்பமில்லாமல் சொல்ல முடியும்.

> அப்படியானால் சீசனுக்கு என்ன? அதுவும் பருவம்தானே?

நியாயமான கேள்வி. நானும் இரண்டு நாள் இதில் மாட்டிக்கொண்டேன். பட்டம் என்று ஒருவர் சொன்னார். நல்ல சொல், ஆனால் பட்டம் விதைக்கிற காலத்தைக் குறிக்கிறது. ஆடிப்பட்டத்தில் விதைத்த பயிர் ஆடி முடிந்த பிறகும் பல மாதம் நிலத்தில் நிற்கும். விதைப்பிலிருந்து அறுவடை வரையிலான முழுக் காலத்துக்குப் போகம் பொருந்துகிறது. இலங்கையில் பெரும்போகம், சிறுபோகம் என்றே அரசுத் தாள்களிலும் எழுதுகிறார்கள். இங்கேயும் இருபோகம், முப்போகம் என்கிறோம். மழைக்குப் பருவமழை என்பது அப்படியே இருக்கட்டும், அதை யாரும் தவறாகப் படிக்கப் போவதில்லை.

போகத்தைச் சரியாகப் பிரிக்காத வரைபடம் நம்மைத்தான் முதலில் ஏமாற்றும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையை அளந்துவிட்டு நாடு முழுவதற்கும் கணக்கை முடித்தால், ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெறும் தமிழ்நாட்டுக்கு அந்தக் கணக்கு எதற்கு உதவும்? சம்பா அப்போதுதானே வேர் பிடிக்கிறது.

> செயற்கைக்கோள் தரும் குறியீட்டையே ‘பயிர் நிலவரக் குறியீடு’ என்று சொல்லலாமா?

கூடாது என்பேன். என்.டி.வி.ஐ. என்ற அந்தச் செயற்கைக்கோள் குறியீடு அளப்பது பசுமையை மட்டும்தான். இலை சிவப்பொளியை உறிஞ்சி, அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. அந்த இரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருகிற எண் அது. களை மண்டிய வயலும் பச்சைதான். நன்றாக விளைந்து பழுத்த நெல்லுக்கு எண் இறங்கிவிடும். அதை ‘நிலவரம் மோசம்’ என்று யாராவது படித்தால் எவ்வளவு பெரிய பிழை! பசுமைக் குறியீடு என்பதே நேர்மையான பெயர். அதோடு மழை, மண் ஈரம், வயலைப் பார்த்தவர் சொன்னது எல்லாம் சேர்ந்துதான் நிலவரம்.

கண்காணிப்பு என்ற சொல் தோட்டத் தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியை நினைவூட்டுகிறது என்று இலங்கை நண்பர் எழுதியிருந்தார். அந்த வலி புரிகிறது. ஆனாலும் வானிலை, வெள்ளம், நோய்ப் பரவல் எல்லாவற்றுக்கும் அது நிலைபெற்றுவிட்டதால் ‘பயிர் நிலவரக் கண்காணிப்பு’ என்றே விடலாம் என்பது என் கருத்து. அறிக்கையின் தலைப்பில் ‘பயிர் நிலவரம்’ என்று மட்டும் போட்டாலே போதும்.

தரங்கள் இனி. அமெரிக்க அட்டவணைக்கு மிக மோசம், மோசம், சுமார், நன்று, மிக நன்று. ‘சுமார்’ பேச்சுச்சொல் என்று ஒதுக்க வேண்டாம், அந்த நடுத்தரத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை. உலகப் பயிர்களைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பான ஜியோகிளாம் மாதந்தோறும் தரும் உலக வரைபடத்தில் கடைசித் தரம், பயிர் முழுவதும் போய்விட்டது என்பது. அதற்குப் ‘பொய்த்தது’. மழைக்கும் விளைச்சலுக்கும் நாம் சொல்வதுதானே.

அதே வரைபடத்தில் ‘வாட்ச்’ என்று ஒரு தரம் இருக்கிறது. பயிர் இன்னும் கெடவில்லை, ஆனால் ஆபத்து தெரிகிறது, நல்ல மழை வந்தால் தேறலாம் என்ற கட்டம். ‘எச்சரிக்கை’ என்றால் புயல் கூண்டு ஏற்றியது போலிருக்கிறது. ‘இழுபறி’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் சாகக் கிடப்பது போல ஒலிக்கிறதோ என்று தயக்கம். இப்போதைக்குக் ‘கவனம் தேவை’ என்று வைத்திருக்கிறேன். கரிசல் காட்டு மானாவாரியிலும் கொங்குப் பக்கத்திலும் இப்படி நிற்கிற பயிரை என்ன சொல்வார்கள்? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அப்புறம்தான் சொற்கோப்பில் ஏற்றுவேன்.

அன்புடன்